ஒரே முதுகெலும்பு, இரண்டு பதில்

எலும்பு மெலிவு நோய்க்குப் புதிய மருந்து ஒன்றை அந்த மருத்துவமனையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மருந்து சாப்பிடுகிறவர்களின் முதுகெலும்பு எக்ஸ்ரேயில் முறிவு இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு டாக்டர் மெஹருன்னிசா ஆசிரியர். அவரிடம் கற்க வந்த அறவாழி, தலை நரைத்த எலும்பு டாக்டர். ஆசிரியரைவிட வயதில் மூத்தவர்.

ஒரு நாள் அறவாழி கோபமாக வந்தார்.

“மேடம், நான் முறிவுங்கிறேன். என்கூடப் படிக்கிற ஸ்டெல்லா இல்லைங்கிறாங்க. ஒரே படம். யார் கண்ணு சரியில்லை?”

மெஹருன்னிசா பெயரும் தேதியும் மறைத்த சில படங்களைத் திரையில் போட்டார்.

“இதைப் பாருங்க சார்.”

ஒவ்வொன்றிலும் முறிவு உண்டா இல்லையா என்று அறவாழி தயங்காமல் பார்த்துச் சொன்னார்.

“எல்லாமே போன மாசம் நீங்க பார்த்த படங்கதான்” என்று அன்றைய பதில்களைப் பக்கத்தில் வைத்தார் மெஹருன்னிசா.

சில பதில்கள் மாறியிருந்தன. ஒரு படத்தில் அன்று முறிவு இல்லை, இன்று முறிவு.

அறவாழிக்குக் குரல் இறங்கிவிட்டது. “மருந்து இவங்களைக் காப்பாத்துதுன்னு அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கு இல்லைங்கிறேன். நம்ம பேச்சை நம்பித்தானே நாளைக்கு ஊர்ல எல்லாருக்கும் இந்த மருந்தைக் கொடுப்பாங்க?”

“ஆமா.”

“அப்போ நான் விலகிக்கிறேன் மேடம்.”

“ஸ்டெல்லாவை வரச் சொல்லியிருக்கேன். உட்காருங்க.”

மூவரும் ஒரே திரை முன் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு எலும்பின் முன்பக்கம், நடு, பின்பக்க உயரங்களை அளந்தார்கள். எவ்வளவு குறைந்தால் முறிவு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள்.

“இது உடைசல் இல்லை சார். மேல் விளிம்பு முழுசா இருக்கு. வளர்ந்த விதமே அப்படி” என்றாள் ஸ்டெல்லா.

அறவாழி குனிந்து பார்த்தார். “சரிதாம்மா.”

அடுத்த படத்தில் அறவாழி காட்டியதை ஸ்டெல்லா ஒப்புக்கொண்டாள். மேசையில் டீ ஆறிப்போனது.

பிறகு புதுப் படங்களை இருவரும் தனித்தனி அறையில் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாப் பதில்களும் ஒத்துப்போயின. அறவாழி வாய்விட்டுச் சிரித்தார்.

“இந்த ஒண்ணுதான் மிச்சம். நீங்க சொல்லுங்க மேடம். அதையே நாங்க ரெண்டு பேரும் வச்சுக்கிறோம்.”

மெஹருன்னிசா அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர்கள் பக்கம் திருப்பினார்.

“நான் சொல்லிட்டா, அடுத்த படத்துல நீங்க எலும்பைப் பார்க்க மாட்டீங்க சார். என் முகத்தைப் பார்ப்பீங்க.”

அறவாழி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.