எல்லாக் கேள்விக்கும் எண்பது

மிருகமும் பறவையும் வாய் திறந்து பேசிய காலத்தில், அகலமான ஓர் ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. அந்தத் திட்டில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. பெரியவர்கள் நாலு, குட்டிகள் நாலு, ஆக எட்டு. இவர்களைத் தவிர, கடைசியாகப் பிறந்த பொட்டு என்ற பெண்குட்டி தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதனால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஐப்பசியில் ஆறு பெருகும். பத்து நாள் திட்டை விட்டு வெளியே போக முடியாது. அதற்கு முன்பே கரையிலிருந்து விளாங்காய் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். ஆளுக்கு நாளுக்கு ஒரு காய் இருந்தால் உயிர் நிற்கும்.

ஆனால் எத்தனை காய் என்று யாருக்குத் தெரியும்? போன வருஷம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வரை குவித்தார்கள். எட்டாம் நாள் குவியல் தீர்ந்தது. ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் மரப்பட்டையைக் கடித்துக் கிடந்தார்கள். பொட்டுவின் தாய் சடைச்சிக்குப் பால் வற்றிப்போனது. குட்டி அழுதது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அந்த மௌனத்தை சடைச்சி மறக்கவே இல்லை.

இந்த வருஷம் ஒரு கிளி வந்து சேர்ந்தது. பவழவாயர் என்று பெயர். கரையில் இருந்த பள்ளிக்கூடத்தின் கூரையில் உட்கார்ந்து பாடம் கேட்ட கிளி அது. எட்டாம் வாய்பாடு முடிந்த மறுநாள் அங்கே கூரையைப் பிரித்துவிட்டார்கள். உட்கார இடமில்லாததால் படிப்பும் அதோடு நின்றது. இதைக் கிளி யாரிடமும் சொல்லவில்லை. நாமாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

தினமும் காலையில் குட்டிகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடந்தது. "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு..." என்று கிளி பாடும், குட்டிகளும் பாடும். நடுவில் யாராவது தும்மினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குட்டி தூங்கும், ஒரு குட்டி பேன் பார்க்கும், ஒரு குட்டி முன்னால் இருப்பவனின் வாலை இழுக்கும். ஆனாலும் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

கூட்டத்தின் தலைவன் தடியன் கிளியிடம் போய்க் கேட்டான். "பண்டிதரே, பத்து நாளைக்கு எத்தனை காய் வேணும்?"

கிளி கண்ணை மூடிக்கொண்டு ஓரெட்டிலிருந்து பாடி, "பத்தெட்டு எண்பது!" என்று முடித்தது. "எண்பது!" என்று அடித்துச் சொன்னது. எண்பது காய் குவிந்தது. தடியனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சடைச்சி போனாள். "பண்டிதரே, எம் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருச்சு. இந்த வருஷம் அவளும் காய் திம்பா. அப்ப எத்தனை?"

கிளி பாடியது. "எண்பது!"

சடைச்சிக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் போனாள். "சரிங்க, வெள்ளம் ஒரு நாள் கூட நின்னா?"

கிளி பாடியது. "எண்பது!"

சிரிக்காதீர்கள். அந்தப் பாட்டு எண்பதில் முடிகிறது, பாவம், அதற்கு வேறு முடிவு தெரியாது.

எங்கேயோ இடிக்கிறது என்று சடைச்சிக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அவளும் கணக்குப் படித்தவள் இல்லையே. அன்று மத்தியானம் தூறலில் குட்டிகள் சலித்துப்போய்க் கிடந்தன. அவள் எழுந்து, "வாங்கடா, வெள்ளம் வந்த மாதிரி விளையாடலாம்" என்றாள்.

குட்டிகள் துள்ளி எழுந்தன. குவியலில் ஒரு காயைத் தொட்டால் ஒரு கூழாங்கல் எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியே தொட்டுத் தொட்டுக் கல் சேர்த்தார்கள். பெரியவர்களையும் இழுத்து வந்து வட்டமாக உட்கார வைத்தார்கள். வட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

"விடிஞ்சிருச்சு!" என்று சடைச்சி கூவினாள். ஆளுக்கொரு கல் எடுத்துத் தின்பதுபோல மென்றார்கள். அவள் ஒரு குச்சியை ஒடித்துப் போட்டாள். "மறுபடியும் விடிஞ்சிருச்சு!" இன்னொரு கல், இன்னொரு குச்சி. தடியன் ஏப்பம் விட்டுக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எட்டுக் குச்சி விழுந்தது. ஒன்பதாவது விடியலில் எல்லோரும் பாய்ந்து கல் எடுத்தார்கள். பொட்டு கை நீட்டினாள். நடுவில் கல் இல்லை.

"எனக்கு?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பத்தாவது விடியலை அவள் கூவவே வேண்டியிருக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் மென்ற கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கை நீட்ட, ஒன்பது கைகளும் வெறுமையாக நீண்டிருந்தன.

சுள்ளான் என்ற குட்டி விறுவிறுவென்று கல் பொறுக்கி வந்தான். பாடத்தில் தினமும் தூங்குகிறவன் அவன்தான். ஒன்பதாம் நாளுக்காகப் பொட்டுவின் கையில் ஒரு கல் வைத்தான். பத்தாம் நாளுக்காக ஒவ்வொரு கையிலும் ஒரு கல் வைத்தான். "புதுசா வச்சது பத்துக் கல்லு. பத்துக் காய் குறையுது!" என்று கத்தினான்.

ஆற்றில் அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பெரியவர்கள் நாலு பேரும் கரைக்கு ஓடி, ஆளுக்கு இரண்டு காயோடு திரும்பினார்கள். எட்டுக் காய். திரும்பும்போது தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"போதும்ணே, ரெண்டுதானே குறையுது" என்றது ஒரு குரங்கு.

போன வருஷமாக இருந்தால் தடியனும் போதும் என்றுதான் சொல்லியிருப்பான். இப்போது அவனால் முடியவில்லை. "ரெண்டு காய் இல்லடா, ரெண்டு கை" என்று சொல்லிவிட்டு ஆற்றில் குதித்தான். வெள்ளம் அவனை உருட்டியது, முக்கியது, ஒரு கட்டையில் மோதியது. கரை சேர்ந்து, இரண்டு காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி உயிராகத் திரும்பி வந்தான்.

எல்லாவற்றையும் கிளி கிளையில் இருந்து பார்த்தது. வெட்கத்தால் அன்று முழுக்கக் கீழே இறங்கவில்லை. மறுநாள் மெல்ல இறங்கி வந்து, "எனக்கும் ஒரு கல்லு குடுங்கப்பா, நானும் ஆடுறேன்" என்றது. உண்மையாகவே பெரிய மனசுதான் அதற்கு. வெள்ளம் சூழ்ந்த அந்த நாட்களில், ஒன்பது ஒன்பதாகக் கல் அடுக்கி, குட்டிகள் கிளிக்கு ஒரு புதுப் பாட்டுக் கட்டிக் கொடுத்தன: "ஓரொன்பது ஒன்பது, ஈரொன்பது பதினெட்டு, மூவொன்பது இருபத்தேழு..." நடுவில் யார் தும்மினாலும் இப்போது கவலை இல்லை. கல்லைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பத்தாம் நாள் விடிந்தது. குவியல் இருந்த இடத்தில் ஒன்பது காய்கள் இருந்தன. எட்டுப் பேரும் எடுக்காமல் காத்திருந்தார்கள். பொட்டு தத்தித் தத்திப் போய்த் தன் காயை எடுத்தாள். பாறையில் தட்டி உடைத்து, முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றாள். சடைச்சி அதைப் பார்த்து அழுதாள். பிறகு தன் காயை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: வாயால் ஒப்பித்த எண் வாயோடு போகும், கையால் தொட்டு விளையாடி யாருக்காக என்று புரிந்து போட்ட கணக்கே சமயத்தில் உயிர் காக்கும்.