மையழகியின் கம்பிக் கூடு

குளக்கரை மின்கம்பத்தின் உச்சியில் மையழகி என்ற காகம் கூடு கட்டிக்கொண்டிருந்தது. சுள்ளிக் கூடு அல்ல, கம்பிக் கூடு! புது வீடு கட்டும் இடத்தில் சிதறிக் கிடந்த கட்டுக்கம்பிகளை அலகில் கவ்வி வந்து, வளைத்து, முறுக்கிப் பின்னியிருந்தது.

மைனாக்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தன.

"அரண்மனைதான் போ, அக்கா!"

மையழகிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டொரு நாளில் முட்டையிட வேண்டும். எந்தக் காற்றுக்கும் தன் குஞ்சுகள் கீழே விழாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

பக்கத்து மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி தன் இரட்டை வாலை ஆட்டியது. காகத்துக்கும் கரிச்சானுக்கும் என்றுமே ஆகாது.

"ஏய் காக்கா! அரண்மனையா கட்டுகிறாய்? அடுப்பல்லவா கட்டுகிறாய்!"

"வயிற்றெரிச்சலா? நீயும் தினம் மின்கம்பியில்தானே உட்காருகிறாய்? உனக்கு என்ன ஆகிவிட்டது?"

"நான் தொடுவது ஒரே கம்பியை. என் உடம்புக்குள் புகுந்து வெளியேற மின்சாரத்துக்கு வழி இல்லை. போன வாரம் இங்கே ஒரு பழந்தின்னி வௌவால் ஏன் செத்தது? இறக்கையை விரித்து இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டது. அதன் உடம்பே மின்சாரத்துக்குப் பாதையாகிவிட்டது!"

"நான் இங்கே இறக்கையை விரிக்கவே மாட்டேன், போ!"

"உன் கூடு இரண்டு பக்கமும் கம்பி முனைகளை விரித்திருக்கிறதே! காய்ந்த சுள்ளி மின்சாரத்தை எளிதில் விடாது. இரும்பு விட்டுவிடும்."

"உன்னிடமா நான் பாடம் கேட்பேன்?" என்று மையழகி இன்னொரு கம்பி எடுக்கப் பறந்துவிட்டது.

திரும்பி வரும்போது கோடைக்காற்று சுழற்றி அடித்தது. கூடு ஆடியது. அதில் நீட்டிக்கொண்டிருந்த முனைகள் இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் ஒன்றாகத் தொட்டன.

படார்!

நீலத் தீ பறந்தது. குளத்து மோட்டார் நின்றது. ஊர் மாவு மில்லும் நின்றது.

"ஃபியூஸ் போய்விட்டது!" என்று மைனாக்கள் கத்தின. "ஆனால் பார் அக்கா, உன் அரண்மனை விழவே இல்லை!"

மையழகி கூட்டைப் பார்த்தது. உள்ளே புகை சுழன்றது. முட்டைகள் இருந்திருந்தால்?

"கரிச்சான் அண்ணே!"

"ஓகோ, இப்போதுதான் அண்ணனா?"

"நீ சொன்னதே சரி. லைன்மேன் ஃபியூஸ் போடுவதற்குள் இதைப் பிரிக்க வேண்டும். வருகிறாயா?"

"உனக்காக இல்லை. எனக்குப் பூச்சி கிடைப்பதே இந்தக் கம்பியில் உட்கார்ந்துதான்" என்றபடி கரிச்சான் ஒரு முனையைக் கவ்வி இழுத்தது.

அரும்பாடுபட்டுப் பின்னியதை மையழகி தானே பிரித்துக் கீழே போட்டது. கடைசிக் கம்பி விழுந்த கொஞ்ச நேரத்தில் லைன்மேன் நீண்ட கழியோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"காக்காக் கூடாகத்தான் இருக்கும் என்று வந்தேன். ஒன்றையும் காணோமே!"

அவர் ஃபியூஸ் போட்டதும் மாவு மில் மறுபடி இரைந்தது.

பிறகு புங்கமரத்தில் சுள்ளிக் கூடு ஒன்று எழுந்தது. மைனாக்கள் சிரித்தன.

"அரண்மனை போய்க் குடிசையா, அக்கா?"

"ஆமாம்! அரண்மனையைக் கட்டியவளும் நான்தான், பிரித்தவளும் நான்தான். எனக்குப் பெருமை எதில் தெரியுமா? பிரித்ததில்!"

சில வாரங்களில் அதன் காலடியில் மூன்று சிவந்த வாய்கள் இரை கேட்டுத் திறந்தன.

தவறு என்று தெரிந்ததும் தன் கையால் கட்டியதைத் தானே பிரிக்கத் துணிபவரே உண்மையில் தலைநிமிரத் தகுந்தவர்.