பெயரில்லாத நாணயமும் உப்புக் குறைந்த ரசமும்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் திலகவதி அம்மாவின் ஆசிரமம் இருக்கிறது. அங்கே தணிகாசலம் வந்து இறங்கியபோது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

அம்மா தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்!”

“மொதல்ல தண்ணி குடிங்க அண்ணே. பஸ்ல நின்னுக்கிட்டேவா வந்தீங்க?”

தணிகாசலம் வயதில் அம்மாவைவிட நன்றாகவே மூத்தவர். இருந்தாலும் அவர் சீடர், இவர் குரு. அவர் இவரை ‘அம்மா’ என்பார். இவர் அவரை ‘அண்ணே’ என்பார். புதிதாக வருகிறவர்கள் இது என்ன உறவுமுறை என்று புரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

தண்ணீரைக் குடித்த குடியில் பாதி சட்டையில் வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

“ஆள் கிடைச்சிட்டாரும்மா. உலகமே தேடற ஆளு. நம்ம கொடைக்கானல் பக்கத்துல இருக்காரு!”

தணிகாசலம் பத்திரிகைக்காரர். இத்தனை வருஷமாக ஒரே ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருந்தார். டிஜிட்டல் நாணயம் ஒன்றை உருவாக்கிய மனிதர் அவர். எந்த அரசாங்கமும் அச்சடிக்காத, எந்த வங்கியும் பூட்டி வைக்காத பணம் அது. கணினிகளில் மட்டும் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் நேராக அனுப்பலாம். கணக்கைப் பார்த்துக்கொள்வது யார் என்றால், அதைப் பயன்படுத்துகிறவர்களேதான். அதன் விதிகளை யாரோ ஒருவர் புனைபெயரில் எழுதி, இலவசமாக எல்லோருக்கும் கொடுத்தார். அது சரியாக ஓடத் தொடங்கியதும், ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காணாமல் போனார். ஆரம்ப நாளில் அவர் பெயரில் சேர்ந்த நாணயங்கள் இன்றைக்கு மலை மலையாகப் பணம் பெறும். அதில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

இந்தத் தேடலில் தணிகாசலத்தின் வேலை போயிற்று. நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். சொந்தத் தம்பியே, “அண்ணன் பேய் புடிக்கப் போயிருக்கு” என்று சிரித்தான். அவர் விடவில்லை.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று அம்மா கேட்டார்.

அவர் கேட்டதே போதும். தணிகாசலம் வரப்பில் உட்கார்ந்து மடை திறந்துவிட்டார். அந்த மனிதர் அந்தக் காலத்தில் இணையத்தில் எழுதிய அத்தனையையும் இவர் படித்திருக்கிறார். பிளம்ஸ் பழ சீசனில் மட்டும் அவர் யாருக்கும் பதில் எழுதியதில்லை. ஒருமுறை, ஆலங்கட்டி மழையில் பூவெல்லாம் போயிற்று என்று வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வாரம் ஆலங்கட்டி பெய்த ஊர்களையெல்லாம் இவர் தேடியிருக்கிறார். வெளிநாட்டில் கணினி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிளம்ஸ் தோட்டம் போட்டிருக்கும் ஒருவர் கிடைத்தார். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. இவர் நேரிலேயே போய்விட்டார்.

“ஒத்துக்கிட்டாரா?”

“இல்லம்மா. ஆனா மறுக்கவும் இல்ல. ‘நீங்கதானே அவரு?’ன்னு நேராவே கேட்டேன். சிரிச்சாரு. டீயை நீட்டி, ‘சர்க்கரை போதுமா?’ன்னு கேட்டாரு. அதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“டீயில சர்க்கரை போதுமான்னு அர்த்தம்.”

தணிகாசலம் சிரித்துவிட்டார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

“கட்டுரை வேற ஒரு பத்திரிகை ஆபீஸ்ல தயாரா இருக்கு. பேர் மட்டும்தான் நான் இன்னும் சொல்லல. சாயங்காலம் ஆசிரியர் போன் பண்ணுவாரு. சொல்லிட்டேன்னா ராத்திரியே உலகம் பூரா போயிடும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை...”

“ஏன்? இத்தனை வருஷம் தேடினது இதுக்குத்தானே?”

“தெரியலம்மா. என்னவோ உறுத்துது.”

“அவர் வீட்டுக்கு கேட் இருக்கா?”

“கேட்டா? மூங்கில் படல்தான். அவரும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் இருக்காங்க. ஏம்மா?”

“சும்மா கேட்டேன்.”

பேர் வெளியே வந்தால் அந்தப் படலுக்கு முன்னால் யார் யார் வந்து நிற்பார்கள் என்று தணிகாசலத்துக்கும் தெரியும். கேமராக்காரர்கள் வருவார்கள். அந்தப் பணமலைக்காகக் கத்தியோடும் வருவார்கள். தெரிந்ததை இத்தனை நாளும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

“நான் கெட்ட எண்ணத்துல தேடலம்மா,” என்றார். “இவ்வளவு பெரிய காரியம் பண்ணின மனுஷனுக்கு ஒரு மாலை போட வேணாமா? அவர் யாருன்னே தெரியாமப் போறது அநியாயம் இல்லையா?”

சாப்பாட்டு மணி அடித்தது.

அந்த ஆசிரமத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒரு மண் கலயம் எல்லோரிடமும் வரும். அதில் புளியங்கொட்டைகள் இருக்கும். ஒன்று மட்டும் தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பது போல ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியது. ஆளுக்கு ஒன்றை எடுத்து, உள்ளங்கைக்குள்ளேயே பார்த்து மூடிக்கொள்வார்கள். அம்மாவும் எடுப்பார். பிறகு தோட்டம், கொட்டில், தையல் என்று ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுவார்கள். வெள்ளைக் கொட்டை கிடைத்தவர் பின்கட்டு வழியாகச் சமையலறைக்குள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, மணி அடிக்கும்போது எல்லோரோடும் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவார். யார் சமைத்தது என்று யாரும் சொல்வதில்லை. கேட்பதும் இல்லை. பந்தியின் நடுவில் ஒரு கொட்டாங்குச்சியில் உப்பு இருக்கும்.

அன்றைக்கு ரசத்தில் உப்பு குறைவு. கொட்டாங்குச்சி கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டவர் பக்கத்தில் இருந்தவருக்கும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டார். ஒருவர் எழுந்துபோய் மிளகுப்பொடி கொண்டுவந்தார். பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

அம்மா தணிகாசலத்தின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

“அண்ணே, துப்பறியறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே. இந்த ரசத்தை யாரு வெச்சதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

“இங்கதான் அதைக் கேக்கக் கூடாதே?”

“நான்தானே கேக்கறேன்.”

தணிகாசலத்தின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பந்தியை ஒரு சுற்றுப் பார்த்தார். எதிர் வரிசைக் கடைசியில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கவுன்டருக்கு வெளியே நின்றவர்களிடம் திட்டு வாங்கி அலுத்துப்போனவர். இனிமேல் யாரும் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்றுதான் இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய நகக்கண்ணில் மஞ்சள். அவர் தாண்டிப் போனபோது பெருங்காய வாசனை அடித்தது. போதாததற்கு, பந்திக்கு அவர்தான் கடைசியாக வந்தார்.

“பொன்னுரங்கம் சார்,” என்றார் தணிகாசலம்.

“நிச்சயமாவா?”

“சந்தேகமே இல்லம்மா.”

“அப்போ சொல்லிடுங்க. நல்ல ரசம் வெச்சவருக்கு ஒரு பாராட்டாவது கிடைக்கட்டும்.”

தணிகாசலம் எழுந்து நின்று கையைத் தட்டினார். மஞ்சளையும் பெருங்காயத்தையும் விளக்கிச் சொல்லி, “இன்னிக்கு நமக்குச் சோறு போட்டவர் பொன்னுரங்கம் சார்!” என்று அறிவித்தார்.

பந்தி ஒரு நொடி திகைத்தது. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. ஓர் அம்மாள் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“ரசம் அருமைங்க. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

“புளியும் தூக்கல்,” என்றார் இன்னொருவர்.

“எனக்கு அல்சர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்? இவ்வளவு மிளகா போடறது?”

“சார், நாளைக்கு ஒரு நாள் பருப்பு ரசமா வைக்கலாமே?”

பொன்னுரங்கம் எழுந்தார். உப்பை எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொருவருக்கும் போட்டார். அல்சர்காரருக்கு மோர் கொண்டுவந்தார். இன்னொருவர் வெந்நீர் கேட்டார். அதையும் கொண்டுவந்தார். கொட்டாங்குச்சி எட்டும் தூரத்தில் இருந்தவர்கள்கூட அதைத் தொடவில்லை. தட்டை நீட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அதே ரசம்தான். அதே உப்புதான்.

பொன்னுரங்கத்தின் தட்டில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். தன் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

பந்தி கலைந்த பிறகு தொட்டிப் பக்கம் போனார். பொன்னுரங்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சார், உங்க சாப்பாட்டையே கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

“பரவாயில்லைங்க.”

“கையில மஞ்சளைப் பாத்ததும்...”

“இதுவா? கொட்டில்ல நாய்க்குட்டிக்குக் கால்ல அடி. மஞ்சள் வெச்சுக் கட்டிவிட்டேன்.”

தணிகாசலம் விடவில்லை.

“பெருங்காயம்?”

“வாயுத் தொல்லைங்க. மோர்ல கரைச்சுக் குடிச்சேன்.”

“பந்திக்கு லேட்டா வந்தீங்களே?”

“அதான் சொன்னேனே, வாயுத் தொல்லை.”

பொன்னுரங்கம் இடுப்பு மடிப்பிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் கருப்பு.

“அப்போ நீங்க சமைக்கவே இல்லையா? அங்கயே இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!”

“சொல்லியிருக்கலாம்,” என்றார் பொன்னுரங்கம். “சொல்லியிருந்தா அடுத்து யாருன்னு தேடியிருப்பீங்க இல்ல?”

“யாரு சமைச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாய்க்குட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

தணிகாசலம் திரும்பி வந்தபோது அம்மா தனியாக உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். இவர் மூடி வைத்த தட்டு அவருக்கு முன்னால் இருந்தது.

“ஆதாரம் எல்லாம் சரிம்மா. ஆள்தான் தப்பு.”

“அப்படியா?”

“பாவம், அந்த மனுஷன் சாப்பிடவே இல்ல.”

“அவருக்கு எடுத்து வெச்சிருக்கேன். இங்க ஒண்ணும் பயமில்ல அண்ணே. நாளைக்குக் காலையில கலயத்தைக் குலுக்கினா எல்லாரும் மறந்துடுவாங்க.”

தணிகாசலத்துக்கு அந்த மூங்கில் படல் ஞாபகம் வந்தது. டீயை நீட்டிய கையும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தன. அது அவராகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வேறு யாரையோ காப்பாற்றும் சிரிப்பாகக்கூட இருக்கலாம். படலுக்கு முன்னால் கூட்டம் வந்து நின்றால், அங்கே குலுக்குவதற்குக் கலயம் இல்லை.

சாயங்காலம் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. பைக்குள்ளிருந்த போனை எடுத்து அவரே அழைத்தார்.

“சார், தணிகாசலம் பேசறேன். பேர் இல்லைங்க... ஆமா, கிடைக்கல... கட்டுரையைத் தூக்கிப் போட்டுடுங்க... சரி சார். திட்டுங்க. நியாயம்தான்.”

அந்தப் பக்கம் ஆசிரியர் நெடுநேரம் திட்டினார். முழுவதையும் கேட்டுக்கொண்டு தணிகாசலம் போனை வைத்தார். கண் கலங்கியிருந்தது. அத்தனை வருஷ உழைப்பு. தம்பி இனி ஆயுசுக்கும் சிரிப்பான். அழுதாலும் தவறில்லை.

அம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சோற்றில் கொஞ்சம் ரசத்தைச் சூடாக ஊற்றினார்.

“சாப்பிடுங்க அண்ணே.”

அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். நல்ல பசி. இன்னொரு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கை போகும்போது நின்றது. என்ன இருந்தாலும் பத்திரிகைக்காரர் இல்லையா?

“அம்மா, வெளியில யாருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். இந்த ரசத்தை யாருதாம்மா வெச்சது?”

அம்மா நார் உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பிரியமாகப் பார்த்தார்.

“உப்பு சரியா இருக்கா?”

“கொஞ்சம் கம்மிதான்.”

அம்மா கொட்டாங்குச்சியை அவர் பக்கம் தள்ளினார்.

“போட்டுக்கோங்க அண்ணே.”