முன் இடது டயர்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடனுக்கு ஐம்பத்தொன்று. இந்த மாதிரிக் கதைகளில் இது தலைகீழாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். நடந்தது இப்படி, நான் என்ன செய்ய?

பல்லடத்தை விட்டுப் பொள்ளாச்சி போகிற சாலையில் சாந்தாமணியின் டயர் கடை இருக்கிறது. இப்போதைய கார்களில் ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு, காற்று எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அது மக்கர் பண்ணினால் அந்த வட்டாரத்தில் சாந்தாமணியிடம்தான் வருவார்கள். பெண்தான் என்றாலும் ஊரே அவரை மேஸ்திரி என்று கூப்பிடும்.

ரங்கராசு பாதி வாழ்க்கையை நூல் மில்லில் ஃபிட்டராகக் கழித்தவர். மில்லை மூடியதும் இங்கே வந்து, “தொழில் கத்துக் குடுங்க” என்று கேட்டார். மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரை மேஸ்திரி என்பார்.

அன்றைக்கு ரங்கராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் காரணம் முந்தின நாளில் இருந்தது.

முந்தின நாள் மதியம் ஒரு பெரிய வண்டி வந்தது. டயருக்குள் இருக்கும் சென்சாரின் எண்ணை ஸ்கேனரில் எடுக்க வேண்டும். ரங்கராசு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தடுமாறினார். வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி விறுவிறுவென்று வந்து, ஸ்கேனரை ரங்கராசின் கையிலிருந்து பிடுங்கினார்.

“தள்ளுங்க. இது மில்லு இல்ல.”

வண்டிக்காரர் சிரித்தார். ரங்கராசும் சிரித்துவைத்தார். சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மகள் கவிப்பிரியா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹைதராபாத்தில் முதல் வேலை. மறுநாள் சாயங்காலம் திருப்பூரில் ரயில் ஏற வேண்டும். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“அப்பா, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வருவீங்கல்ல? லீவு கேட்டாக் குடுப்பாங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள்.

“எவகிட்டயோ கையக் கட்டிட்டு நின்னு லீவு கேக்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? உனக்கு வேலை கெடைச்சதும் அப்பன் எளக்காரமாப் போயிட்டனா? போறவ போ. இந்தப் பக்கம் திரும்பியே வராத.”

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலையில் இவர் கிளம்பும்போதும் அந்த அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது.

இப்போது கடையில் ஆடிக் காற்று தார்ப்பாயைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் ஓடி ஓடி நின்றது. ரங்கராசு நொடிக்கொரு தரம் செல்போனை எடுத்தார், மகளைக் கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை என்றதும் பையில் திணித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பன் கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது. வால்பாறைக்குப் போகிற வண்டி.

“இந்த விளக்கு அணைய மாட்டேங்குதுங்க. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, இருட்டறதுக்குள்ள மலையேறோணும்,” என்றார் கார்க்காரர்.

டேஷ்போர்டில் காரின் சின்னப் படம். அதில் முன் இடது டயர் மட்டும் சிவப்பாக இருந்தது. அங்கே காற்று குறைவு என்று அர்த்தம். எவ்வளவு குறைவு என்று அந்தக் கார் காட்டாது. எந்த டயர் என்று மட்டும் காட்டும்.

ரங்கராசு முன் இடது டயரில் கேஜை வைத்து அளந்தார். முப்பத்து மூன்று. இருக்க வேண்டிய அளவும் அதுதான். கேஜ்தான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, கொஞ்சம் காற்று அடித்தார். காரை எடுத்துப் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பினார். விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“இந்தா, இன்னும் எவ்வளவுதான் வேணும் உனக்கு?” என்று அந்த டயரையே திட்டினார். குழாயை மாட்டி இன்னும் ஏற்றினார்.

மேஸ்திரி ஓரமாக உட்கார்ந்து ஒரு லாரி ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். குருமார்களிடம் இது ஒரு கெட்ட பழக்கம்.

“மேஸ்திரி, இந்த சென்சாரு போயிருச்சுங்க. புதுசு மாத்திரலாமுங்க.”

“டயருல காத்து எவ்வளவு இருக்குதுங்ணா?”

“நாப்பத்தஞ்சு.”

“எவ்வளவு இருக்கோணும்?”

“முப்பத்திமூணு.”

“அப்பறம் எதுக்கு நாப்பத்தஞ்சு?”

“விளக்கு அணையலீங்களே!”

மேஸ்திரி எழுந்து வந்தார். குனிந்து அந்த டயரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அது கல்லாக இறுகியிருந்தது.

“பாவம்,” என்றார்.

யாரைச் சொன்னார் என்று ரங்கராசு கேட்கவில்லை. அவர் கவனம் செல்போனில் இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றுபோனது. அவருக்குப் பொறுக்கவில்லை.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கறனுங்க. பெத்த புள்ளைக்கு எவ்வளவு சொன்னாலும் ஏனுங்க புத்தி வர மாட்டேங்குது?”

“பாப்பா இன்னைக்கு ஊருக்குப் போகுதில்லீங்ளா? என்ன பண்ணுச்சு?”

“மரியாதையில்லாமப் பேசிப்போட்டா. நானும் நல்லாக் குடுத்துப்போட்டேன். திரும்பி வராதேன்னே சொல்லிட்டேன். இப்பப் போனை எடுக்க மாட்டேங்கறா.”

“என்ன பேசுச்சு?”

“லீவு குடுப்பாங்களான்னு கேட்டாளுங்க.”

“அப்பறம்?”

ரங்கராசு யோசித்தார்.

“அதான் கேட்டா.”

“அதுல என்ன மரியாதைக் கொறச்சல்?”

“கேட்ட தினுசு அப்படிங்க. உங்களுக்குத் தெரியாது.” அவர் குரல் உயர்ந்தது. “இன்னும் பத்தலீங்க அவளுக்கு. நாலு மணிக்குக் கெளம்பி நேரா ஸ்டேஷனுக்கே போறேன். பிளாட்பாரத்துல வெச்சு இன்னும் நாலு வார்த்தை நல்லாக் கேட்டாத்தான் சரிப்படுவா.”

மேஸ்திரி கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறி உக்காருங்ணா.”

“எதுக்குங்க?”

“சாவியைப் போட்டு, அந்த விளக்கையே பாத்துட்டு இருங்க. என்னையப் பாக்க வேண்டாம்.”

ரங்கராசு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். முன் இடது சிவப்பாக வந்து நின்றது. வெளியே எங்கிருந்தோ உஸ்ஸென்று சத்தம் கேட்டது. ஆடிக் காற்றில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அவர் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மணி மூன்று தாண்டிவிட்டது.

திடீரென்று டேஷ்போர்டில் இன்னொரு டயரும் சிவந்தது.

“மேஸ்திரி! பின்னாடி இடது டயருல காத்து எறங்குதுங்க!”

“அப்படிங்ளா?”

உஸ்ஸென்ற சத்தம் நிற்கவில்லை.

“பின்னாடி இடதுங்க! நிறுத்துங்க, டயரு படுத்துரும்!”

“நான் எங்க இருக்கறேன்னு வந்து பாருங்க.”

ரங்கராசு இறங்கிப் பின்பக்கம் ஓடினார். அங்கே யாரும் இல்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முன் வலது டயர் பக்கத்தில் மேஸ்திரி குத்தவைத்து உட்கார்ந்து, வால்வை ஒரு கம்பியால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

ரங்கராசு அந்த டயரைப் பார்த்தார். எட்டி டேஷ்போர்டைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார்.

“வண்டி பொய் சொல்லுதுங்களா?”

“பொய் இல்லீங்ணா. ஒரு டயருல காத்துப் போகுதுன்னு சொல்லுச்சு. போச்சா இல்லையா?”

“போச்சுங்க.”

“எந்த டயருங்கறதுலதான் அதுக்குக் கொழப்பம்.”

கார்க்காரர் தேநீர் டம்ளரோடு பக்கத்தில் வந்தார். “போன மாசம் வேறொரு கடையில டயரெல்லாம் குறுக்கால மாத்திப் போட்டாங்க. சமமாத் தேயும்னாங்க,” என்றார்.

“மாத்துனது நல்லதுதானுங்க. மாத்துனத வண்டிக்குச் சொல்லோணும். அதைச் சொல்லாம விட்டுட்டாங்க. இது இன்னும் பழைய எடத்தையே நெனச்சுட்டிருக்குது.”

மேஸ்திரி முன் வலது டயருக்குக் காற்றைத் திரும்ப அடிக்கத் தொடங்கினார். ரங்கராசு நின்ற இடத்தில் நின்றார். முன் வலதில் காற்றை எடுத்தால் பின் இடது என்று சொல்கிறது. அப்படியானால், இவ்வளவு நேரமும் முன் இடது, முன் இடது என்று சொல்லிக்கொண்டிருந்தது?

பின் வலது டயருக்குப் போனார். கேஜை வைத்தார். இருபது. மேஸ்திரி காற்று அடித்து முடித்ததும் வண்டியை முன்னால் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். டயரின் பள்ளத்துக்குள் ஒரு ஆணியின் தலை பளபளவென்று தெரிந்தது. வண்டி வந்ததிலிருந்து அந்த டயரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலையும் அளந்துவிட்டுத்தான் விளக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்தக் கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

கார்க்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நேரமும் நல்லா இருந்த டயருக்குத்தான் காத்து அடிச்சுட்டிருந்தீங்களா?”

அந்த மனிதர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் ரங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆணியையே பார்த்தார். காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கால் இப்போது ஆடவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

“மேஸ்திரி.”

“சொல்லுங்ணா.”

“நேத்து அந்த வண்டிக்காரர் முன்னாடி, எங்கையில இருந்து ஸ்கேனரைப் புடுங்குனீங்க.”

“ஆமாங்ணா.”

“இது மில்லு இல்லைன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அந்த மில்லுல நின்னுதானுங்க எம்புள்ளையப் படிக்க வெச்சேன்.”

மேஸ்திரி காற்றுக் குழாயைக் கீழே வைத்தார். கார்க்காரர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மேஸ்திரி அவரைப் போகச் சொல்லவில்லை. அவர் முன்னாலேயே சொன்னார்.

“தப்புதானுங்ணா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

ரங்கராசு தலையாட்டினார். ஆனால் அதோடு அவருக்கு ஆறவில்லை.

“அது ஒண்ணு மட்டும் இல்லீங்க. இன்னும் இருக்குது. எல்லாத்தையும் இன்னைக்குப் பேசிப்போடோணும்.”

“பேசலாமுங்ணா. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். நாளைக்கும் நான் இந்தக் கடையிலதான் இருப்பேன்.”

“அப்ப இந்த ஆணியையாவது இப்பவே உருவிப்போடறேன்,” என்று ரங்கராசு ஒரு குறடு எடுத்து ஆணியை நோக்கி நீட்டினார்.

மேஸ்திரி குனிந்து அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை பிடுங்கவில்லை.

“ஆணி இருக்கட்டும், அதை நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல, ஒரு குத்தமும் பண்ணாத டயருல ஏத்துனத எறக்குங்ணா.”