சுனையில் வந்த செம்மண்

"குழியை மூட ஒரு மந்திரம் சொல்லுங்கம்மா" என்றார் மாசானம்.

இளநாச்சியம்மாவுக்கு மாசானத்தின் மகள் வயதுதான் இருக்கும். பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், சுனையருகே தனியாக இருந்தார். வயதைப் பார்க்காமல் மாசானம் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"எந்தக் குழி?"

"மேல, என் வீட்டு முற்றத்துல. செம்மண்ணைக் கொட்டி மூடுறேன். மழை பெஞ்சா மறுபடி வாயைத் திறக்குது. மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடும்மா. எனக்குக் கண்ணை மூடினா தூக்கம் வரலை."

மாசானத்துக்குப் பயம் புதிதல்ல. சொந்த ஊரில் ஆற்று வெள்ளம் அவர் மனைவியைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் ஆறே இல்லாத இந்தப் பள்ளத்தாக்கைத் தேடிப்பிடித்து, சுண்ணாம்புப் பாறைமேல் வீடு கட்டினார். நல்ல இடம் பார்த்துவிட்டதாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார், பாவம்.

"ஆறு இல்லாம பள்ளத்தாக்கு எப்படி வந்துச்சு?" என்றார் இளநாச்சி.

மாசானம் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு இருக்கு. கீழே இறங்கிடுச்சு."

"பாறைக்குள்ளயா?"

"இந்தப் பாறை மழையில கரையும். கரைஞ்சு கரைஞ்சு உள்ளே பொந்தாகும். பொந்து பெருத்தா மேல்கூரை விழும். நாம நிக்கிற பள்ளமே அப்படி விழுந்ததுதான்."

மாசானம் காலை மெல்ல நகர்த்தி வைத்தார். எங்கே வைத்தாலும் அதே தரைதான்.

"பயமுறுத்தாதீங்கம்மா. நான் மந்திரம்தானே கேட்டேன்?"

இளநாச்சி எழுந்துபோய்ச் சுனையில் ஒரு சொம்பு மொண்டு வந்தார்.

"ஒரு மாசமா இந்தத் தண்ணி சிவப்பா வந்துச்சு. நீங்க கொட்டின மண்ணைத்தான் நான் வடிகட்டிக் குடிச்சேன்."

மாசானம் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

"சிவப்பே இல்லையே! அப்ப குழி அடைஞ்சிருச்சு!"

"காலையிலிருந்து சிவப்பு இல்லை. அடியில பாருங்க."

மாசானம் சொம்பை வாங்கி, உள்ளே கையை விட்டு அள்ளினார். மணல். பொடிப்பொடியாக மின்னும் ஆற்று மணல். அந்த மலையில் எங்கும் கிடைக்காத மணல்.

"இதையும் குழியிலதான் போட்டீங்களா?" என்று கேட்டார் இளநாச்சி.

"இல்லையே. எங்க ஊர் ஆத்துலேர்ந்து வண்டி வச்சுக் கொண்டுவந்தது. எல்லாத்தையும் வீட்டுத் தரைக்கு அடியில…"

சொம்பு அவர் கையிலிருந்து விழுந்தது. மகள் பெயரைக் கத்திக்கொண்டு மாசானம் மேட்டில் ஏறி ஓடினார்.

இளநாச்சியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"உள்ளே போயிராதீங்க! வெளியே நின்னு கூப்பிடுங்க!"