தயாரா என்று கேட்டவர்

"நான் தயாரா, மேடம்?"

கதவு திறந்ததும் தணிகாசலம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம்கூடப் பிறகுதான் வந்தது.

கதவைத் திறந்தவள் சுகந்தினி. வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஏழு வயதில் தாயோடு நோர்வேக்கு வந்தவள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீண்டு கிடக்கும் ஓர் இடத்தில், மொத்தமே நாற்பது வீடுகள் உள்ள ஊரில், தனியாக இருந்தாள்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலூர்ப் பக்கம். இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தவர். அதன் பிறகு எட்டு வருடம் வளைகுடாவில் ஒரு பள்ளியில், விமானத்திலிருந்து குதிக்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டாயிரம் தடவைக்கு மேல் குதித்தவர்.

சுகந்தினி அவரைப் பார்த்தாள். அவர் முதுகிலிருந்த பையைப் பார்த்தாள்.

"எதுக்குத் தயாரா?"

"பாறையிலேர்ந்து குதிக்க."

விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று கைவிட்டால் மற்றொன்று. பாறையிலிருந்து குதிப்பவரிடம் ஒன்றுதான். இன்னொன்று இருந்தாலும் அதை விரிக்க நேரம் இருக்காது. பேஸ் ஜம்ப் என்று அதற்குப் பெயர்.

"நான் இப்ப ஆரையும் பழக்கிறேல்லை எண்டு உங்களுக்கு எழுதினனான்."

"மூணு தடவை எழுதினீங்க."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"நாலாவது தடவையும் அதையே எழுதிடுவீங்களோன்னு வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வழி விட்டாள்.

*

முதல் நாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் பாராசூட்டை மடிக்கச் சொன்னாள்.

அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மடித்தார். அவள் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள்.

"தப்பு இருக்கா?"

"இல்லை. இன்னொருக்கா மடியுங்கோ."

மாலைக்குள் ஐந்து தரம் மடித்தார். முதுகு விட்டுப்போயிற்று.

"தப்பே இல்லேன்னா எதுக்கு மேடம் திரும்பத் திரும்ப?"

"அஞ்சாந்தரம் மடிக்கேக்கை உங்கடை கை எப்பிடி இருக்கெண்டு பாத்தனான்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்தது."

கெட்ட செய்தி சொல்பவள்போல் அதைச் சொன்னாள்.

*

அடுத்த இரண்டு நாள், பக்கத்தில் இருந்த சிறிய விமானத் திடலில் வைத்துப் பார்த்தாள். கற்கள் நிறைந்த ஒரு மேய்ச்சல் நிலத்தில் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்துப் போட்டாள்.

"இதுக்கு மேலை இறங்குங்கோ."

பத்துத் தடவை இறங்கினார். எட்டுத் தடவை இரண்டு காலும் விரிப்பின் மேல். இரண்டு தடவை ஓரடி தள்ளி.

அவள் விரிப்பை உதறி மடித்தாள். வண்டியில் ஏறினாள். வீட்டை நோக்கி ஓட்டினாள்.

"குறை ஏதாவது இருந்தா சொல்லிடுங்க."

"குறை இருந்தால் சொல்லுறது லேசு, அண்ணை."

*

நாலாம் நாள் பாறைக்குக் கூட்டிப் போனாள்.

ஏறுவதற்கு இரண்டரை மணி நேரம். செங்குத்தான இடங்களில் பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். உச்சி வட்டிலைக் கவிழ்த்தாற்போல் தட்டையாக இருந்தது. அதன் ஓரம் சட்டென்று முடிந்தது. கீழே ஆயிரம் மீட்டர். அதற்கும் கீழே கறுப்பாகத் தண்ணீர்.

சுகந்தினி குப்புறப் படுத்து ஊர்ந்து விளிம்புக்குப் போனாள். ஒரு காகிதத் துண்டைக் கீழே விட்டாள். அது அங்கும் இங்கும் அலையாமல் நேராக இறங்கிப் போயிற்று.

"காத்து இல்ல," என்றார் தணிகாசலம். அவர் பாராசூட்டை மாட்டியாகிவிட்டது.

அவள் எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இண்டைக்கு இல்லை."

இறங்கினார்கள். இறங்கும்போது முழங்கால்தான் வலித்தது.

ஐந்தாம் நாள் உச்சியை மூடுபனி மூடிவிட்டது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர், "வேணாம் மேடம், இறங்கிடலாம்," என்றார். அவள் தலையாட்டினாள்.

ஆறாம் நாள் வெயில். காற்றில்லை. "இண்டைக்கு இல்லை."

ஏழாம் நாள் வெயில். காற்றில்லை. "இண்டைக்கு இல்லை."

ஏழாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மடிக்கிறதுல தப்பில்ல. இறங்குறதுல தப்பில்ல. திரும்பிப் போகணும்னா நானே சொல்றேன். இன்னும் என்னதான் பார்க்கறீங்க? என்கிட்ட என்ன இல்ல?"

அவள் குடுவையிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"ஏன் குதிக்க வேணும்?"

"வானத்துலேர்ந்து குதிச்சாச்சு. அடுத்தது இதுதானே."

அவள் குடுவையை மூடினாள். அவர் சொன்னதை அவரே இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கட்டும் என்பதுபோல் இருந்தாள்.

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அவர் அதைக் கல்லில் கொட்டினார்.

*

எட்டாம் நாள் காலை அவளும் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய பாராசூட். நாலு வருடமாக அது வீட்டின் கீழறையில் கிடந்தது என்று ஊர்க்கடைக்காரர் ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தார்கள். காகிதம் நேராக இறங்கியது.

சுகந்தினி கால்பட்டிகளை இழுத்துப் பூட்டினாள். மார்புப் பட்டியைப் பூட்டினாள். விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று அவருக்கு முதுகைக் காட்டினாள்.

"பாருங்கோ அண்ணை. நான் தயாரா?"

"நீங்களா?"

"ஓம். நீங்கள் எட்டு வருஷம் சனத்தைப் பாத்துப் பாத்து அனுப்பினனீங்கள்தானே. என்னையும் பாருங்கோ."

அவர் பார்த்தார். பையைப் பூட்டியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தார். பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சுற்றி வந்து அவள் கண்ணைப் பார்த்தார். அவள் கை நடுங்குகிறதா என்று பார்த்தார். நடுங்கவில்லை.

பள்ளியில், விமானம் ஏறும் முன், இப்படிப் பார்த்து முடித்ததும் மாணவனின் தோளில் ஒரு தட்டு தட்டுவார். அதுதான் உத்தரவு. தட்டினால் போகலாம்.

கையைத் தூக்கினார்.

கை அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள்.

"ஊசி சரியோ?"

"சரியா இருக்கு."

"பட்டி?"

"சரியா இருக்கு."

"காத்து?"

"இல்ல."

"நான் இங்கையிருந்து மட்டும் முந்நூறு தரம் குதிச்சிருக்கிறன்."

"தெரியும்."

"பிறகென்ன?"

தணிகாசலம் கையை இறக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டார். அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

"அவனுக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"ஆருக்கு?"

"செல்வினுக்கு."

அவள் விளிம்பை விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்வின் மார்த்தாண்டத்துக்காரன். இருபத்து நாலு வயது. பள்ளியில் பாராசூட் மடிக்கும் வேலைக்கு வந்தவன். மற்றவர்களுக்கு மடித்துக் கொடுத்துக்கொண்டே, எனக்கு எப்போ சார், எனக்கு எப்போ சார் என்று ஒரு வருடம் கேட்டான். தணிகாசலம் சொல்லிக் கொடுத்தார். நன்றாக வந்தான். பத்தொன்பது குதிப்பு அவரோடு. இருபதாவது குதிப்பு முதன்முறையாகத் தனியாக. அவர்தான் பார்த்தார். அவர்தான் தட்டினார்.

"குடை நல்லா விரிஞ்சுது. மேல எந்தத் தகராறும் இல்ல. தரைக்குக் கிட்ட வந்ததும் திடீர்னு திரும்பினான். அவ்வளவு கீழ திரும்பக் கூடாது, அப்படியே தரையில அடிச்சிடும். நூறு தடவை சொல்லியிருக்கேன். எதுக்குத் திரும்பினான்னு தெரியல. கீழ நின்னு கத்துறேன், திரும்பிட்டான்."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"விசாரிச்சாங்க. உங்க மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க. அவன் தயாராத்தான் இருந்தான்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"நீங்கள் நம்பேல்லை."

"நீங்க எத்தனை பேருக்கு 'தயார்'னு சொல்லியிருக்கீங்க, மேடம்?"

"பதினாலு."

"எல்லாரும்..."

"பதின்மூண்டு பேர் இருக்கினம்."

கீழே தண்ணீரில் ஒரு படகு போயிற்று. சத்தம் மேலே வரவில்லை.

"உங்களுக்கு அது எப்படித் தெரியுதுன்னு பார்க்கத்தான் வந்தேன்," என்றார் தணிகாசலம். "ஒருத்தரைப் பார்த்து எப்படி முடிவு பண்றீங்கன்னு. நீங்க என்னைத் தயார்னு சொல்லணும். நான் குதிக்கணும். பொழைச்சா, சரி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சுன்னு ஆகும்."

"பிழைக்காட்டி?"

அவர் விளிம்பைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"உங்களுக்கும் தெரியலன்னு ஆகும்."

சுகந்தினி தன் மார்புப் பட்டியை அவிழ்த்தாள்.

"என்னையும் உங்களோடை சேர்க்க வந்தனீங்கள்."

"மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லை. நான் ஏற்கெனவே சேந்திட்டன், அண்ணை."

கால்பட்டிகளையும் அவிழ்த்தாள். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பாத்தால் எல்லாம் சரியாத்தான் இருக்கு. மடிப்புச் சரி. காலும் கண்ணும் சரி. எட்டு நாளாப் பாக்கிறன். ஒரு பிழை ஆப்பிடுமோ எண்டுதான் பாக்கிறன். ஆப்பிட்டால் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பிப்போடலாம். ஆப்பிடேல்லை. சிவெர்ட்டிட்டையும் ஆப்பிடேல்லை."

சிவெர்ட் அவளுடைய பதினாலாவது மாணவன். முப்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். இதே பாறை.

"அதுக்கப்புறம்தான் நிறுத்தினீங்களா?"

"ஓம்."

"அவன் வீட்டுல யாராவது?"

"தாய் இருக்கிறா. வேறை ஒருத்தருமில்லை. வருஷத்திலை ஒருக்காப் போவன். பஸ்ஸிலை ஆறு மணித்தியாலம்."

"பேசுவாங்களா உங்ககிட்ட?"

"ஒரு கேள்விதான் கேப்பா. என்ரை பிள்ளை தயாரா இருந்தவனோ எண்டு. போற நேரமெல்லாம் அதைத்தான் கேப்பா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஒண்டும் சொல்லுறேல்லை."

"பதில் சொல்லாம அப்புறம் எதுக்குப் போறீங்க?"

சுகந்தினி எழுந்து பையைத் தோளில் போட்டாள்.

"கேக்கிறதுக்கு அவவுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

அன்றும் நடந்தே இறங்கினார்கள். சங்கிலியைப் பிடிக்கும் இடத்தில் தணிகாசலம் ஒருமுறை நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கீழே நின்றாள்.

*

செல்வினின் அம்மா பெயர் ரோஸ்லெட். முந்திரி ஆலையில் வேலை. முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. மார்த்தாண்டத்துக்குத் தெற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த வீட்டின் வாசலுக்கு வந்து நின்ற மனிதரை அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பெயரைச் சொன்னார்.

உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

"நீங்கதானா அந்த சாரு?"

"ஆமாம்மா."

"அவன் போன்ல உங்களப் பத்தித்தான் பேசுவான்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். விமானத்திலும் ரயிலிலும் பேருந்திலும் அவர் அந்த நாளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். காற்று எத்தனை வேகம். எந்தத் திசை. எத்தனை அடியில் குதித்தான். எத்தனை அடியில் குடை விரிந்தது. பட்டி, ஊசி, தலைக்கவசம். எத்தனை மணிக்குத் தோளில் தட்டினார். அவள் எதைக் கேட்டாலும் சொல்வதற்கு இருந்தது.

"கேளுங்கம்மா," என்றார். "என்ன வேணும்னாலும் கேளுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ரோஸ்லெட் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அன்னைக்குக் காலையில ஒரு வாய் வல்லதும் தின்னானா அவன்?"

தணிகாசலத்துக்கு அது தெரியாது.