செண்பகவடிவின் இரண்டு விடைகள்

கணக்கில் சிக்கல் வந்தால் சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள் அருளம்மையைத் தேடிப் போவார்கள். அவருக்கு வயது நாற்பது. அன்று வந்த திருமேனி வாத்தியாருக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

“அம்மா, இது புரியாமல் ஊர் திரும்ப மாட்டேன்.”

தாளில் எழுதிக் காட்டினார்: 10 ± 3 ∓ 1.

“மூன்றைக் கூட்டலாம், கழிக்கலாம். ஒன்றையும் கூட்டலாம், கழிக்கலாம். ஆக, நான்கு விடை. 14, 12, 8, 6. என் மாணவி செண்பகவடிவு 12, 8 என்று இரண்டே எழுதினாள். சுழியம் போட்டேன். ‘நான் எழுதினதுதான் சார் சரி’ என்றாள். ‘வாயை மூடிக்கொண்டு உட்கார்’ என்றேன். நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.”

“போகட்டும். திருத்துவதற்கு ஒரு நோட்டு குறைந்தது.”

“கணக்கு என்றால் முகம் மலர்கிற பிள்ளை அவள் ஒருத்திதான், அம்மா.”

அருளம்மை தன் வீட்டு முற்றத்துக் கிணற்றைக் காட்டினார். ஒரே கப்பி. அதன்மேல் ஓடும் ஒரே கயிறு. கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு வாளி.

“வாத்தியாரே, குளிக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் மேலே வர வேண்டும்.”

திருமேனி வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு வாளியை இழுத்தார். மற்றது இறங்கியது. அதை இழுத்தார். இது இறங்கியது. உள்ளங்கை சிவந்தது. அவர் விடவில்லை.

“என்ன, வாளி உங்களை ஏய்க்கிறதா?”

“ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகும், அம்மா. கயிறு ஒன்றுதானே?”

“உங்கள் தாளில் மட்டும் கயிறு இரண்டா?”

திருமேனி தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“முதல் குறியில் மேலே இருப்பதை எடுத்தால், அடுத்ததிலும் மேலே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மூன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் 12. கீழே என்றால் இரண்டிலும் கீழே. மூன்றைக் கழித்து, ஒன்றைக் கூட்டினால் 8.” குரல் தாழ்ந்தது. “வேறு விடையே இல்லை.”

திருமேனி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். என் தவறுதான் என்று சொல்லிவிடுகிறேன்.”

“சுழியம் போட்டது எங்கே?”

“வகுப்பில். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள்.”

“அப்படியானால் அவள் வீட்டில் ஒன்றும் சொல்லாதீர்கள். வகுப்புக்கு அழைத்துக்கொண்டு மட்டும் போங்கள்.”